பீப்பாயில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட்: பெங்களூரில் ருசி பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் சிலர் அவ்வப்போது ஒரு வீட்டில் கூடுவோம். வெளிநாடு போய் வந்த யாராவது கொண்டு வந்திருக்கும் இரண்டு மூன்று ஸ்டவுட் பாட்டில்களைத் திறந்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்து, நிதானமாக ருசி பார்ப்போம். புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் எங்கள் பதில்களும் இங்கே. 21 வயது நிறையாதவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் இடமில்லை.

இம்பீரியல் ஸ்டவுட் என்பது என்ன? சாதாரண ஸ்டவுட்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஸ்டவுட் என்பது கருப்பு பீர். நன்றாக வறுத்த பார்லியும் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்)தான் அந்த நிறத்தையும் காப்பி, சாக்லேட் வாசனையையும் தருகின்றன. பலருக்குத் தெரிந்த கின்னஸ் டிராஃப்ட் 4 சதவீத ஆல்கஹாலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இம்பீரியல் ஸ்டவுட் 8 சதவீதத்தில் தொடங்கி 12 வரை போகும். பீப்பாயில் ஊறியவை 14, 15 சதவீதத்தைத் தொடுவதும் உண்டு. மால்ட் ஏராளமாகப் போடுவதால் பீர் கெட்டியாக, நாக்கில் படிவதாக இருக்கும். அந்த இனிப்பை ஈடுகட்ட, கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

பெயரில் இருக்கும் 'இம்பீரியல்' ரஷ்ய அரண்மனையைக் குறிக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் சதர்க்கில் இருந்த ஆங்கர் ப்ரூவரி, பேரரசி கேத்தரினின் அரண்மனைக்கு வலுவான கருப்பு பீர் அனுப்பி வந்தது. அதை நடத்தியவர் ஹென்றி த்ரேல். அவர் இறந்ததும் ஆலை 1781இல் விற்பனைக்கு வந்தபோது, அந்த வேலையைக் கவனித்தவர்களில் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனும் ஒருவர்.

இதை எதற்காகப் பீப்பாயில் வைக்கிறார்கள்?

அமெரிக்கச் சட்டப்படி பர்பன் விஸ்கியை, உட்புறம் கருக்கிய புத்தம் புதிய ஓக் மரக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் ஊற்ற முடியாது. அதனால் சுமார் 200 லிட்டர் பிடிக்கும் நல்ல பீப்பாய்கள் வருடா வருடம் ஏராளமாகக் கைமாறுகின்றன. ஸ்காட்லாந்துக்குப் போகின்றன, நம் ஊர் விஸ்கி ஆலைகளுக்கு வருகின்றன, பீர் ஆலைகளுக்கும் போகின்றன.

1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ப்ரூவரியில் கிரெக் ஹால் தன் இம்பீரியல் ஸ்டவுட்டை ஜிம் பீம் பீப்பாய்களில் ஊற்றி வைத்தார். அதுதான் பர்பன் கவுண்டி ஸ்டவுட். இன்று ஒவ்வொரு நவம்பரிலும் அது வெளியாகும் நாளில் அமெரிக்காவில் வரிசை நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் மற்ற ஆலைகளும் இந்த வேலையில் இறங்கின.

மரத்திலிருந்து பீருக்கு என்னென்ன சேர்கிறது?

முதலில் விஸ்கி. காலி செய்த பீப்பாயின் மரத்துக்குள் பல லிட்டர் பர்பன் ஊறிக் கிடக்கும். அது மெல்ல பீரில் கலந்து ஆல்கஹாலையும் சற்று உயர்த்தும். அடுத்தது மரமே தருவது. ஓக்கில் உள்ள லிக்னின் சூட்டில் சிதைந்து வெனிலா வாசனை தரும் வெனிலின் கிடைக்கிறது. மரத்தில் இருக்கும் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசனை தரும். அமெரிக்க ஓக்கில் இது அதிகம். மரத்தின் சர்க்கரைகள் கருகும்போது டாஃபி மணம். கொஞ்சம் கிராம்பு மணமும் வரும்.

மூன்றாவது காற்று. மரம் வழியாக மிக மெதுவாக ஆக்சிஜன் உள்ளே போகிறது. அளவாகப் போனால் பேரீச்சம்பழம், உலர்திராட்சை, ஷெர்ரி ஒயின் மாதிரியான பழ ருசி உருவாகும். அளவு தப்பினால் ஈரமான அட்டைப்பெட்டி வாசனை. பீப்பாயில் எத்தனை மாதம் வைப்பது என்பதை ஆலைக்காரர் நாக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குச் சற்று மேல் வரை வைக்கிறார்கள்.

பர்பன் பீப்பாய் மட்டும்தானா?

இல்லை. ரை என்ற தானியத்தில் செய்யும் விஸ்கியின் பீப்பாய் மிளகு, மசாலாக் காரம் தரும். ரம் பீப்பாயில் நாட்டுச் சர்க்கரையும் வெல்லப்பாகும் தெரியும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிப் பீப்பாயானால் புகை. போர்ட் ஒயின் பீப்பாய் சிவப்புப் பழப் புளிப்பைச் சேர்க்கும். முதல் முறை வருபவருக்கு பர்பன் பீப்பாயே சரி. புகைப் பீப்பாயை முதலில் கொடுத்தால் ஸ்டவுட் எது, புகை எது என்று பிரித்துப் பார்க்க வராது.

பெங்களூரில் இது கடையில் கிடைக்குமா?

கிடைக்கும் என்று நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். இந்தியாவின் உணவுத் தர விதிகளில் பீருக்கான ஆல்கஹால் உச்சவரம்பு 8 சதவீதம். 12, 14 சதவீத ஸ்டவுட் அதற்குள் அடங்காது. ஆகவே எங்கள் மேசைக்கு வருவதெல்லாம் பெட்டியில் வந்தவைதான். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் மது வரை சுங்க வரி இல்லாமல் கொண்டு வரலாம். பீர், ஒயின், விஸ்கி எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதாவது அரை லிட்டர் பாட்டில் நான்கு. விமான நிலையக் கடையில் ஒரு லிட்டர் விஸ்கி வாங்கிவிட்டால் இரண்டு பாட்டிலுக்குத்தான் இடம். கொண்டு வருவது பகிர்ந்து குடிக்க மட்டும், விற்க அல்ல.

கைப்பையில் விடமாட்டார்கள். ஜிப் பைக்குள் போட்டு, துண்டால் இறுகச் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். உடைந்தால் அந்தக் கருப்பு எந்தச் சட்டையிலிருந்தும் போகாது.

நாக்கைப் பழக்கிக்கொள்ள உள்ளூரிலேயே வழி இருக்கிறது. இந்திராநகர் டாய்ட், மக்ராத் ரோடு ஆர்பர் மாதிரி, சொந்தமாக பீர் காய்ச்சி ஊற்றும் ப்ரூபப்களில் ஸ்டவுட் ஊற்றும் நாளாகப் பார்த்துப் போய் ஒரு சின்ன கிளாஸ் கேளுங்கள். வறுத்த மால்ட்டின் கசப்பு எப்படி இருக்கும் என்று முதலில் நாக்குக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பீப்பாய் ஸ்டவுட்டில் பீப்பாய் மட்டும்தான் தெரியும்.

இங்கேயே பீப்பாய் வாங்கி ஊறவைக்கலாமே? அம்ருத் இருக்கிற ஊர்தானே!

அம்ருத் விஸ்கியின் அனுபவமே இதற்குப் பதில். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீத அளவு ஆவியாகிப் போகும். பெங்களூரில் அது 10 முதல் 12 சதவீதம். இந்த ஊர்ச் சூட்டில் மரம் வேகமாக வேலை செய்வதால் விஸ்கி சீக்கிரம் பக்குவப்படுகிறது, அது விஸ்கிக்கு லாபம். பீருக்கு அதே வேகம் ஆபத்து. 60 சதவீத ஆல்கஹாலில் கிருமி பிழைக்காது, 10 சதவீதத்தில் சில பிழைக்கும். காலியாகும் இடத்தில் காற்று ஏறும், பீர் சீக்கிரமே மூப்படையும். குளிரூட்டிய அறை இருந்தால் செய்யலாம். 8 சதவீத வரம்புக்குள்ளும் பீப்பாயில் வைத்த நல்ல கருப்பு பீர் செய்ய முடியும். அப்படி ஒன்று ஏதாவது ப்ரூபப்பின் பலகையில் எழுதியிருந்தால் நான் கட்டாயம் போய்க் குடித்துப் பார்ப்பேன், உங்களையும் கூப்பிடுவேன்.

ஆளுக்கு எவ்வளவு ஊற்றுவீர்கள்? கிளாஸில் இவ்வளவுதானா என்று தோன்றுகிறதே!

60 முதல் 75 மில்லி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 சதவீத ஸ்டவுட் அரை லிட்டர் பாட்டிலில் 70 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 650 மில்லி பெரிய பாட்டிலில் இருப்பது 32 மில்லி சொச்சம். ஆக, ஒரு ஸ்டவுட் பாட்டில் இரண்டு பெரிய பீருக்கு மேல். 100 மில்லி ஸ்டவுட்டே ஒரு ஸ்மால் விஸ்கியைத் தாண்டிவிடும்.

இனிப்பும் கெட்டியும் சேர்ந்து அந்த வலுவை மறைத்துவிடுகின்றன, அதனால் கவனம் தேவை. ஒரு மாலையில் நான்கு ஐந்து வகைக்கு மேல் திறப்பதில்லை. அதற்கு மேல் நாக்குக்கு எதுவும் பிடிபடாது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றலாமா?

கூடாது. ஃபிரிட்ஜின் 4, 5 டிகிரியில் வாசனை எழும்பாது, கசப்பும் கரியும் மட்டும் தெரியும். 12 முதல் 14 டிகிரி சரியான பதம். பெங்களூர் மாலை நேரத்தில் அரைமணி முதல் முக்கால் மணி முன்பே எடுத்து மேசையில் வைத்தால் போதும். ஏப்ரலில் இன்னும் சீக்கிரம். ஊற்றிய பிறகு கிளாஸை உள்ளங்கையில் பிடித்திருங்கள். முதல் மடக்கில் இல்லாத வாசனை நாலாவது மடக்கில் வரும்.

கிளாஸ், வாய் குறுகியதாக இருக்க வேண்டும். பிராந்தி கிளாஸோ சின்ன ஒயின் கிளாஸோ போதும். எவர்சில்வர் டம்ளரில் நுரையும் நிறமும் தெரியாது.

எப்படி ருசி பார்ப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் பாருங்கள். நுரை வெள்ளையாக இருக்காது, டிகாக்‌ஷன் அதிகம் ஊற்றிய காப்பி நுரையின் நிறத்தில் இருக்கும். ஆல்கஹால் அதிகம் என்பதால் சீக்கிரம் அடங்கிவிடும், அது குறையில்லை. கிளாஸை மெல்லச் சுழற்றினால் ஓரத்தில் பழுப்புப் படலம் தங்கி மெதுவாக வழியும்.

அப்புறம் முகருங்கள். மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுக்காதீர்கள், ஆல்கஹால் மூக்கைச் சுட்டுவிடும். கிளாஸைச் சற்று தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி, சின்னச் சின்னதாக இழுங்கள். முதலில் பீப்பாய் வரும்: வெனிலா, பர்பன், தேங்காய். அதைக் கண்டுகொண்டதும் மூக்கை எடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் அதற்கு அடியிலிருந்து வறுத்த காப்பிக்கொட்டை, கசந்த சாக்லேட், கருப்பட்டி எழும்பும். நான் தேடுவது இந்த இரண்டாவது அடுக்கைத்தான். ஸ்டவுட் அங்கே இருக்கிறதா? இல்லை, பர்பனில் கருப்பு நிறம் கலந்த மாதிரி பீப்பாய் மட்டும்தானா? நல்லதையும் சுமாரானதையும் பிரிப்பது என் கணக்கில் இது ஒன்றுதான்.

பிறகு ஒரு சின்ன மடக்கு. நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். ஒயின்காரர்கள் மாதிரி துப்பத் தேவையில்லை, பின்கசப்பு தொண்டையில்தான் தெரியும். விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். இனிப்பு முடிகிற இடத்தில் கசப்பு வந்து பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் இரண்டாவது மடக்கிலேயே திகட்டும்.

இந்த அடுக்குகளைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள எங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி, ஒரே பீரைப் பீப்பாயோடும் பீப்பாய் இல்லாமலும் பக்கத்தில் வைத்துக் குடிப்பது. பெல்ஜியத்தின் டி ஸ்ட்ரூயிஸ் ஆலையின் பிளாக் ஆல்பர்ட் ஒரு இம்பீரியல் ஸ்டவுட். அதையே ஃபோர் ரோசஸ் பர்பன் பீப்பாயில் ஊறவைத்தால் குவே டெல்ஃபின். முதல் கிளாஸில் காப்பியும் கருக்கலும் கூராக, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே நிற்கும். இரண்டாவதில் அந்த முனைகள் மழுங்கி, அதே காப்பி வெனிலாவுக்குப் பின்னால் போயிருக்கும். போயிருக்கும், ஆனால் காணாமல் போயிருக்காது. மறுபடி முதல் கிளாஸுக்குத் திரும்பினால் முன்பு தெரியாத கசப்பு தெரியும். இப்படி இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்தவருக்கு அடுத்த தடவை ஒற்றை பாட்டிலிலேயே பீப்பாய் எது, பீர் எது என்று பிடிபடும்.

கடைசியாக, கிளாஸ் காலியானதும் கழுவப் போகாதீர்கள். பத்து நிமிடம் விட்டு முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் போய், மரமும் மால்ட்டும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

எந்த வரிசையில் குடிப்பது?

பீப்பாய் காணாதது முதலில், பர்பன் பீப்பாய் அடுத்து, தேங்காய், வெனிலா, மிளகாய் எல்லாம் சேர்த்தது கடைசியில். ஆல்கஹால் குறைந்ததிலிருந்து கூடியதற்கு. நடுநடுவே சாதா தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பில்லாத பொரி.

மற்றவர்கள் பத்து வாசனை சொல்கிறார்கள். எனக்குக் காப்பி மட்டும்தான் தெரிகிறது.

காப்பி தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து, எந்தக் காப்பி என்று கேட்டுக்கொள்ளுங்கள். வறுக்கும் கடை வாசலில் வரும் வாசனையா, சிக்கரி தூக்கலான டிகாக்‌ஷனா, பில்டரில் ஆறிப்போன மண்டியா? மூன்றும் வெவ்வேறு வறுவல். இனிப்பு என்றால் வெள்ளைச் சர்க்கரையா, கருப்பட்டியா, கடலைமிட்டாய்ப் பாகா? தேங்காய் என்றால் பச்சைத் துருவலா, பொன்னிறமாக வறுத்ததா? எள்ளுருண்டை, அதிமதுரம், பேரீச்சம்பழம், ஊறிய திராட்சை எல்லாமே இந்த பீரில் வரும். பாட்டில் பின்னால் மார்ஷ்மெலோ, கிரஹாம் கிராக்கர் என்று எழுதியிருந்தால் அதைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். நாம் தின்றே இராத பண்டத்தின் வாசனையை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது.

கெட்டுப்போன பாட்டில் என்று எப்படித் தெரியும்?

புளிப்புதான் முதல் அடையாளம். போர்ட் பீப்பாய் இல்லாத ஸ்டவுட்டில் தயிர்ப் புளிப்போ வினிகரோ வந்தால் கிருமி புகுந்திருக்கிறது. இது பெரிய ஆலைகளுக்கும் நடந்திருக்கிறது. பர்பன் கவுண்டியின் 2015 வெளியீட்டில் சில தொகுதிகள் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியாவால் புளித்துப்போய், ஆலை பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டிலிருந்து பாட்டிலில் அடைக்கும் முன் சூடுபடுத்திக் கிருமி நீக்குகிறார்கள்.

நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை, பாப்கார்ன் வெண்ணெய் வாசனை இரண்டும் குறையே. ஈர அட்டை வாசனை வந்தால் காற்று புகுந்துவிட்டது. சோயா சாஸ் மட்டும் இரண்டுங்கெட்டான். பழைய பாட்டிலில் சின்னதாக எட்டிப் பார்த்தால் ருசிதான், முன்னால் வந்து நின்றால் பாட்டிலை வைத்திருந்தவர் நாள் கடத்திவிட்டார்.

தேங்காய், குக்கீ, மேப்பிள் சிரப் எல்லாம் போட்ட ஸ்டவுட் பற்றி?

முதல் மடக்கில் எல்லோருக்கும் பிடிக்கும். 75 மில்லியை முடிக்கச் சிரமப்படுவார்கள். காப்பி சேர்த்ததற்கு மட்டும் என் ஆதரவு உண்டு, ஸ்டவுட்டில் ஏற்கெனவே இருப்பதோடு அது ஒட்டிப்போகிறது. ஃபவுண்டர்ஸ் ஆலையின் கேபிஎஸ் கிடைத்தால் பாருங்கள். காப்பியும் சாக்லேட்டும் போட்டுப் பர்பன் பீப்பாயில் வைத்தது, ஆனாலும் அடியில் ஸ்டவுட் உறுதியாக இருக்கும்.

வாங்கிய பாட்டிலை எத்தனை வருடம் வைக்கலாம்?

வெளியிடும்போதே ஆலைக்காரர் அதைப் பக்குவமாக்கித்தான் தருகிறார். அவசியம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் ஆல்கஹால் காரம் தணியும், பழ ருசி கூடும், கூடவே ஹாப்ஸ் கசப்பும் காப்பியும் மங்கும். காப்பி சேர்த்ததைச் சீக்கிரம் குடித்துவிடுங்கள், பழைய காப்பி பச்சை மிளகாய் வாசனைக்குப் போய்விடும்.

பெங்களூர் குளிர் ஊர் என்று சொல்லிச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். மார்ச், ஏப்ரல் வெயில் ஒன்றே போதும் பாழாக்க. 10 முதல் 13 டிகிரியில், வெளிச்சம் படாமல், நிற்கும் நிலையில் வைக்க வேண்டும். ஒயின் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் வீட்டு ஃபிரிட்ஜின் பின்வரிசையே நல்லது. குளிரில் மெதுவாக மூப்படையும், கெடாது.

சாப்பிட என்ன வைப்பீர்கள்?

சுக்கா, சில்லி சிக்கன் வேண்டாம். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டும், அதோடு 14 சதவீதம் சேர்ந்தால் நாக்கு அன்றைக்கு அவ்வளவுதான். வறுத்த முந்திரி, முற்றிய செடார், கசப்புச் சாக்லேட் வைக்கலாம். எங்களுக்கு அமைந்தது தார்வாட் பேடா. பாலைச் சிவக்கக் கிளறிச் செய்வதால் அதிலேயே ஒரு கருக்கல் இருக்கிறது, பீப்பாயின் டாஃபியோடு சேர்ந்துகொள்கிறது. கருப்பட்டி அதிரசமும் பொருந்தும். மைசூர்பாக் பொருந்தவில்லை, நெய் நாக்கை மூடிவிடுகிறது.

வண்டியில் வரலாமா?

வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் சட்ட வரம்பு. இரண்டு கிளாஸிலேயே அதைத் தாண்டிவிடலாம். நாங்கள் கூடுவது அல்சூர், இந்திராநகர் பக்கம், இரண்டுமே மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் இருக்கின்றன. கடைசி ரயிலுக்கு அரைமணி முன்பே பாட்டில் மூடிவிடுவோம், தவறவிட்டவருக்கு கேப் பிடித்துக் கொடுக்காமல் யாரும் கிளம்புவதில்லை. பாட்டில் இல்லாமல் முதல் முறை வருபவர் ஒரு பாக்கெட் பொரி வாங்கி வந்தால் போதும்.